லிஸ்பன் போய்வந்த அண்ணன்

"ராத்திரி பூரா லிஸ்பன்ல இருந்தேன் தம்பி, அதான் கண்ணு செவந்து கெடக்கு" என்பார் அண்ணன். டீக்கடைக்குப் புதிதாக வந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. போன மாதம் இஸ்தான்புல்லில் இருந்தார். பாஸ்போர்ட் கிடையாது. மருமகன் கழித்துப்போட்ட டேப்லெட்டும் தினம் ஒன்றரை ஜிபி நெட்டும்தான் விசா.

ஒரு காலத்தில் புதுக்கோட்டைக் கடைகளுக்கு போர்டு எழுதியவர். வள்ளி திருமணம் நாடகத்துக்கு சீன் படுதா தீட்டியவர். ஃப்ளெக்ஸ் வந்தது, பிரஷ் காய்ந்தது. அப்போதுதான் மருமகன் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து காட்டினான். கூரையில் கேமரா கட்டிய கார் தெருத்தெருவாக ஓடி எடுத்த படங்கள். 2007இல் அமெரிக்காவில் ஐந்தே நகரங்களோடு ஆரம்பித்த சங்கதி. அன்றைக்குக் கிளம்பிய அண்ணன் இன்னும் ஊர் திரும்பவில்லை.

கேட்டால் புதுக்கோட்டை அரச பரம்பரையை இழுப்பார். "மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா 1915ல ஆஸ்திரேலியாவுல பொண்ணு கட்டி, 1928ல பாரீசுலதானய்யா கண்ண மூடுனாரு. ராஜா போன வழியில நான் போகக்கூடாதா?"

திரையில் பார்க்கிற அந்தத் தெருக்களைத்தான் அண்ணன் இப்போது வரைகிறார். அவர் படங்களைப் பார்த்தாலே கார் தெரியும். எல்லாத் தெருவும் ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழத்திலிருந்து தெரியும். தேர்த்தட்டில் உட்கார்ந்து வருகிறவர் பார்க்கிற பார்வை. மனிதர்களுக்கு முகம் இருக்காது. "கூகுள்காரனே மூஞ்சியக் கலக்கி வச்சிருக்கான். நானா ஒண்ணு போட்டா அது வேற ஆளாயிடும்ல?" ஒரு சைக்கிள்காரருக்குப் பின்சக்கரம் இல்லை. இரண்டு படங்களை ஒட்டிய இடத்தில் அது தொலைந்திருக்கிறது, இவரும் தேடவில்லை. தெருவின் இடப்பக்கம் சுள்ளென்று வெயில், வலப்பக்கம் மழை ஈரம். கார் அங்கே வேறொரு நாள் வந்திருக்கும். முதல் படத்தில் நடுரோட்டில் பெரிய வெள்ளை அம்புக்குறி வேறு. திரையில் நகர்வதற்காக வருகிற குறிதான் அது. அண்ணன் அதற்கு நிழலும் போட்டிருந்தார்.

எழுத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், போர்டு எழுதிய கையல்லவா. போர்த்துகீசியத்தில் ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு சுழி பிசகாது. "பஸ்தெலாரியான்னு ஒருத்தர் தம்பி, பெரிய கை போல. தெருவுக்குத் தெரு கடை வச்சிருக்காரு" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அது பேக்கரிக்கு அந்த ஊர்ப் பெயர் என்று மருமகன் சொன்ன அன்று, உறவுக்காரர் செத்ததுபோல் முகம் வாடிவிட்டது.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று உத்ரியோவைப் பற்றிச் சொன்னேன். பாரீசிலேயே பிறந்து, அங்கேயே மோமார்த்ர் தெருக்களை வரைந்து பேர் வாங்கியவர். அவரே பல படங்களுக்கு படம்போட்ட தபால் அட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டார் என்றேன். அண்ணன் உச்சுக் கொட்டினார். "பாவம். கார்டுல திரும்பிப் பாக்க முடியாதே."

சொந்த ஊர்ப் பக்கம் மட்டும் அண்ணன் திரும்பமாட்டார். பக்கத்திலிருக்கிற சித்தன்னவாசல் தாமரைக் குள ஓவியத்தைக்கூடப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்ததோடு சரி. போன மாசி மாதம் ஒரு மளிகைக்கடைக்காரர், கீழராஜ வீதியை வரைந்து தரச்சொல்லி ஆயிரம் ரூபாய் முன்பணமே கொடுத்தார். அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் ஸ்டூலோடு திரும்பிவிட்டார்.

"உக்காந்தா ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான். எந்திரிச்சா கடைக்காரர் மறைக்காதீங்கங்கிறாரு. ஒரு அம்மா வந்து, ஆதார் திருத்தம் இங்கதான் எழுதுறீகளான்னு கேக்குது. லிஸ்பன்ல நட்டநடு ரோட்டுல மூணு நாளா நிக்கிறேன் தம்பி. பின்னாடி இருவத்தெட்டாம் நம்பர் டிராம் நிக்குது. டிரைவர் ஒரு வார்த்தை கேக்கணுமே!"