படகியல்: ஒரு நூற்பாவும் விருத்தியுரையும்

வளைந்தும் நெளிந்தும் வீழா தொழுகி
அலறல் இன்றி அரைத்துயில் நல்கி
ஏறிய துறையே இறங்குதுறை யாகப்
பாட்டொடு முடிவது மென்பட காகும்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், கேளிக்கைப் பூங்காவில் காசு கொடுத்து நுழைந்தவர், கூச்சலில்லாமல் போய் வரும் படகுக்காக வரிசையில் நிற்பது தகுமா என்று ஆராய்தல் நுதலிற்று. ஆசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆகையால் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்டில், பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடுவதைப் பார்த்துக்கொண்டே படகில் போய் வரும் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’. ஃபுளோரிடா (1971), டோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2008) ஆகிய இடங்களில் உள்ளவை இதன் வழிநூல்கள். மேலும், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் அப்பா அம்மாக்கள் மறுபேச்சில்லாமல் ஏறும் சவாரி இது என்பதால் தமிழாய்வுக்கும் உரியதாயிற்று.

‘வீழாது’ என்றதனால், அதே பூங்காவில் 1967இல் திறந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ விலக்கப்பட்டது. அதில் இருட்டில் இரண்டு சறுக்கு உண்டு. முழுத்துயில் என்னாது ‘அரைத்துயில்’ என்றது என்னை? பாட்டு தூங்க விடாது ஆகலின்.

வரலாறு

1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில், யுனிசெஃபைச் சிறப்பிக்க பெப்சி-கோலா செலவில் ஓர் அரங்கு அமைக்க வேண்டியிருந்தது. வேலை வால்ட் டிஸ்னியிடம் வந்தபோது திறப்புக்கு ஒரு வருடம்கூட இல்லை. பொம்மை உலகின் வண்ணமும் வடிவமும் மேரி பிளேர் தந்தவை. உடைகள் ஆலிஸ் டேவிஸ் பொறுப்பு. படகும் கால்வாயும் ஏரோ டெவலப்மெண்ட் நிறுவனத்தின் கைவேலை.

ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாட வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் சந்தைக்கடையாக இருந்தது. பிறகு ஷெர்மன் சகோதரர்கள் ஒரே மெட்டில் ஒரு பாட்டு எழுதினார்கள். அதுவும் முதலில் நிதானமாகத்தான் இருந்தது. டிஸ்னிதான் வேகத்தைக் கூட்டச் சொன்னார். உலக ஒற்றுமை வேண்டுமானால் முதலில் கீதங்களை நிறுத்த வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பொருட்காட்சி முடிந்து, 1966 மே 28 அன்று அனஹைமில் மறுதிறப்பு. உலகின் பல நீர்நிலைகளிலிருந்து வந்த தண்ணீரைக் குழந்தைகள் கால்வாயில் ஊற்றினார்கள். பல ஊர்த் தீர்த்தம் கொண்டுவந்து கும்பாபிஷேகம் செய்யும் நமக்கு இதில் வியப்பில்லை. இப்போது அத்தனை தீர்த்தமும் கலந்து நீச்சல்குள மருந்து வாசனை அடிக்கிறது.

படகில் மோட்டாரும் இல்லை, துடுப்பும் இல்லை. கால்வாய்க்குள் பீய்ச்சும் நீரே தள்ளிக்கொண்டு போகிறது. படகுகள் விடாமல் வந்துகொண்டே இருப்பதால் கூட்டம் மளமளவென்று கரையும். நடந்து பார்க்கும் மெழுகுப் பொம்மைக் காட்சியாகத் திட்டமிட்டிருந்த ‘பைரேட்ஸ்’ படகுக்கு மாறியதும் இந்த அனுபவத்தால்தான். ஆக, கடற்கொள்ளையருக்கே வழிகாட்டியது குழந்தைப் பொம்மை.

பூர்வபட்சமும் மறுப்பும்

ஒன்று: ‘முந்நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகள்; எல்லாம் ஒரே முகம். நிறத்தையும் உடையையும் மாற்றிவிட்டால் நாடு மாறிவிடுமா?’ மாறாது. பிளேர் சொல்ல வந்ததே அதுதான். ஆனால் பிரான்ஸ் என்றால் ஈஃபிள் கோபுரம், இந்தியா என்றால் தாஜ்மகால் என்று முடித்துவிட்டது குறையே. ‘நம்ம ஊர்க் கோபுரம் ஒண்ணு வெச்சா என்ன?’ என்று மதுரைக்காரர் கேட்டால் ஆய்வுலகத்தில் பதில் இல்லை.

இரண்டு: ‘பாட்டு காதை விட்டுப் போவதில்லை.’ உண்மை. 2009இல் படகு நின்றுபோய், மாற்றுத்திறனாளி ஒருவரை வெளியே கொண்டுவர வழியில்லாமல் அரை மணி நேரம் உள்ளேயே வைத்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் பாட்டு ஓயவில்லை. 2013இல் நீதிமன்றம் அவருக்கு 8,000 டாலர் கொடுக்கச் சொன்னது. அதே பாட்டின் 1964 ஒலிப்பதிவை 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரே பாட்டுக்கு நஷ்டஈடும் மரியாதையும் கிடைத்திருப்பதால் இரு தரப்பும் சமம் என்க.

மூன்று: ‘விறுவிறுப்பு இல்லை.’ அற்றன்று. முடிவில் துறைக்கு முன்னால் படகுகள் சேர்ந்து நிற்கையில், பின்படகு வந்து ‘டொம்’ என்று இடிக்கும். பின்னால் உள்ளவர் ‘சாரி’ என்பார், அவர் ஏதோ ஓட்டிக்கொண்டு வந்ததுபோல. தவிர, 2008இல் சவாரியை மூடிக் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். பயணிகளின் எடை கூடி, படகு தரைதட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நிர்வாகம் அதை மறுத்தது. தன் எடையைப் பற்றி ஊர் பேசும்போது வராத படபடப்பா ரோலர் கோஸ்டரில் வந்துவிடப் போகிறது?

சித்தாந்தம்

கேளிக்கைப் பூங்கா ஒவ்வொன்றிலும், எந்தச் சவாரி வாசலிலும் ஒரு பெஞ்சு இருக்கும். அதில் நம் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர், காலில் மருமகள் வாங்கித் தந்த ஷூ, மடியில் மூன்று பை, கையில் பேரனின் தண்ணீர் பாட்டில். ‘நான் இங்கேயே உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க’ என்பது அவர் வாக்கு. அனஹைமின் ‘ஸ்பேஸ் மவுண்டன்’ ரோலர் கோஸ்டரில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும்; பேரன் எட்டவில்லை. பாட்டிக்கு உயரம் உண்டு, முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆக, குடும்பம் எப்போதும் இரண்டாகப் பிரிந்தே மகிழ்கிறது.

மென்படகுக்கு உயர வரம்பு இல்லை. பேரனும் பாட்டியும் ஒரே வரிசையில் உட்காரலாம். பைகளுக்கும் காலடியில் இடம் உண்டு. அன்று முழுவதும் அந்தப் பெஞ்சு காலியாவது இங்கேதான். ஆகவே ஒரு சவாரியின் தகுதியை, உள்ளே எத்தனை பேர் அலறினார்கள் என்பதை வைத்து அளக்காமல், வெளியே எத்தனை பேர் பை காத்தார்கள் என்பதை வைத்து அளக்க வேண்டும். அவ்வளவையில் இச்சவாரி முதலிடம் பெறும். போகலாம் என்பதே முடிபு.

எவ்வளவு நேரம் நிற்கலாம்? அளவுகோல் அங்கேயே உள்ளது. வெள்ளையும் பொன்னுமான முகப்பில் ஒரு கடிகார முகம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். கால்மணிக்கொரு தரம் கதவு திறந்து பொம்மை ஊர்வலம் வரும். சவாரியும் ஏறக்குறைய கால்மணிதான். ஓர் ஊர்வலம் பார்த்து ஏறினால் உத்தமம், இரண்டு மத்திமம், மூன்று அதமம்.

புறனடை

ஆண்டுக் கடைசியில் போவோர், 1997 முதல் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ஸும் சேர்ந்துகொள்வதை அறிந்து ஏறுக. இருபது வயதில் நண்பர்களோடு போகிறவர் இதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை; நாற்பது வருடம் கழித்து எப்படியும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றிவிடுவார்கள்.