ஆட்சேபணையார்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஏரிக்கரை, கரையோரம் ஒரு டீக்கடை, கடை பெஞ்சில் ஓர் ஆட்சேபணையார் இருப்பார். ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ, மூடிப்போன பஞ்சாலையில் கணக்கு எழுதியவராகவோ இருக்கலாம். துணிப்பையில் புலப்படம், பட்டா நகல், ரீசர்வே எண்ணோடு பழைய பிரெஞ்சு நில அளவையின் கதாஸ்தர் எண்ணும் போட்ட பத்திரங்கள், லிஃப்கோ அகராதி. குழிக்கு 576 சதுர அடி என்று தூக்கத்திலும் பெருக்குவார். பத்திரத்தில் குழி, பட்டாவில் ஹெக்டேர், விண்ணப்பத்தில் சதுர மீட்டர். மூன்றும் ஒத்துப்போனால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மற்றவர்கள் தினத்தந்தி படிக்கும் நேரத்தில் அவர் திட்ட விண்ணப்பம் படிக்கிறார். மனை போடுகிறவரோ ஆலை கட்டுகிறவரோ, விண்ணப்பத்தில் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இது தரிசு நிலம், அருகில் நீர்நிலை ஏதும் இல்லை.’ இதைப் பாகூரில் எழுதுகிறார்கள்! சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரை பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் ஊரில்! ஆட்சேபணையார் கோபப்படுவதில்லை. சைக்கிளின் பின்சக்கரக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். 28 அங்குலச் சக்கரம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர். வாய்க்கால் கரையிலிருந்து மனைக்கல் வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே தள்ளிப்போவார். எதிரே வருகிறவர் “என்னா வாத்தியாரே, பஞ்சரா?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. எண்ணிக்கை தப்பிவிடும், திரும்ப முதலிலிருந்து.

அவருக்குப் பிடித்த பொய் மாநில எல்லைப் பொய். 2006ஆம் ஆண்டு சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பலவகைத் திட்டங்கள் மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வந்தால் கோப்பு டெல்லிக்குப் போக வேண்டும். முதலில் இது 10 ஆக இருந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கள் பக்கம் பஸ் ஏறியதில்லை. புதுச்சேரியிலிருந்து மதகடிப்பட்டு டிக்கெட் எடுத்தால், அரியூர் தாண்டியதும் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வரும். நடத்துநர் சில்லறை தருவதற்குள் மறுபடியும் புதுச்சேரி. எல்லை எங்கே என்று போர்டு பார்க்க வேண்டியதில்லை, சாராயக் கடைகளே காட்டும். இந்த நிலத்தில் ஒருவர் ‘5 கி.மீ. சுற்றளவில் மாநில எல்லை இல்லை’ என்று எழுதினால் அவர் ஊசுட்டேரிக்கு நடுவில் படகில் இருந்தால்கூடப் பொய்தான். அந்த ஏரியே பாதி தமிழ்நாட்டுக்கு, பாதி நமக்கு. புதுச்சேரிப் பாதி 2008இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அதுவும் சில விண்ணப்பங்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பையின் அடியில் லேமினேட் செய்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருக்கும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குச் சூழல் அறிக்கை தயாரித்தவர்கள், ரஷ்யாவில் வேறொரு சுரங்கத்துக்கு எழுதியதிலிருந்து பத்தி பத்தியாக இறக்கிவிட்டார்கள். மாம்பழ ஊரில் ஸ்ப்ரூஸ் மரக்காடும் பிர்ச் மரக்காடும் முளைத்தன. இதை அவர் புது ஆளுக்குக் காட்டும்போது பேரன் மார்க்‌ஷீட்டைக் காட்டுகிறவரின் முகம். கூடவே “எட்டாவது பத்தி, ஆறாவது உட்பிரிவு” என்பார். பொருட்படுத்தத்தக்க தகவலைத் தெரிந்தே மறைத்தாலோ பொய் சொன்னாலோ விண்ணப்பத்தைத் தள்ளலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அந்த 2006 அறிவிக்கை சொல்கிற பகுதி அது.

கருத்துக்கேட்புக் கூட்டம்தான் அவருக்குத் தேர்த்திருவிழா. “சுருக்கமா பேசுங்க ஐயா” என்று மைக்கைக் கொடுப்பார்கள். “பக்கம் மூன்று, இரண்டாம் பத்தி” என்று ஆரம்பிப்பார்; பிரியாணிப் பொட்டலம் ஆறிப்போகும். ஆனால் கட்டடங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. 20,000 சதுர மீட்டருக்குக் கீழே என்றால் சூழல் அனுமதியே வேண்டாம் என்பதால், விண்ணப்பத்தில் கட்டடம் 19,900ஐ நெருங்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்போது இவர் திட்டக் குழுமத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். ஊரில் சொல்லி அழவும் ஆளில்லை. 1968க்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது, அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதோடு சரி. கொம்யூன் பஞ்சாயத்து என்று பலகை இருக்கிறது, உள்ளே இருப்பவர் ஆணையர்.

எனக்கு அவர்மேல் ஒரு வருத்தம் உண்டு. அறிக்கையில் ‘சங்கராபரணி’ ஆற்றின் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சானதற்கு இரண்டு பக்கம் எழுதுவார். வரைபடத்தில் ஏரி காணாமல் போனதற்கும் அதே இரண்டு பக்கம்தான், அதுவும் பின்னால். அதிகாரி முதல் தாளைப் புரட்டிவிட்டு, எழுத்துப்பிழை திருத்தப்படும் என்று பதில் அனுப்பி முடித்துவிடுவார்.

அதே பிடிவாதம் இன்னொரு பக்கமும் வெட்டும். “மனுவுல பூநாரை வருதுன்னு ஒரு வரி சேத்துடுங்க மாமா, கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்” என்று இளவட்டங்கள் கெஞ்சும். “நீ பாத்தியா?” “பாக்கல.” “நான் பாத்தது நத்தைகுத்தி நாரை. அதத்தான் எழுதுவேன். அவன் இருக்கற ஏரிய இல்லன்றான், நான் இல்லாத கொக்க இருக்குதுன்னா, நானும் அவனும் பங்காளியா?” பையன்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

விண்ணப்பக்காரர்களும் சும்மா இல்லை. இவர் காட்டிய பிழைகளையெல்லாம் திருத்தி, அடுத்த விண்ணப்பத்தை அழகாகக் கொண்டுவருகிறார்கள். காசு வாங்காத பிழைதிருத்துநர்! ஒரு தடவை ஒரு மனைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்து, அடுத்த அறிக்கையைத் தாக்கல் செய்வதற்கு முன்னாலேயே “ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க ஐயா” என்று காலைத் தொட்டாராம். ஐயா பெட்டியைத் திறக்கவில்லை. மளிகைக் கடைத் தராசில் வைத்தார். மேலே ஒரு கிலோ என்று போட்டிருந்தது. பெட்டியோடு சேர்த்தே தொள்ளாயிரம்தான் காட்டியது. மறுநாள் எடையளவுத் துறைக்கு ஒரு மனு போயிற்று, நகல் குடியரசுத் தலைவருக்கு.