எறும்புக்கும் கணக்கு

கே: சின்ன வயதிலிருந்தே ரயில் எத்தனை நிமிடம் பிந்தியது, சந்தையில் லீக்ஸ் என்ன விலை என்றெல்லாம் கொப்பியில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். மனைவி தலையிலடித்துக்கொள்கிறாள். இது வியாதியா?
(ஒரு வாசகர், கட்டுகஸ்தோட்டை)

ப: வியாதிதான். ஆனால் உங்கள் ஊருக்குப் பழையது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பும்வரை தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்கு விட்டார். மிச்ச நேரமெல்லாம் நோட்டம்தான். 1681இல் லண்டனில் வந்த அவர் புத்தகத்தில் எறும்பு வகைகள் சிங்களப் பெயரோடு இருக்கின்றன. எலுமிச்சையும் உப்பும் துணியில் முடிந்து, குச்சியில் கட்டி, காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிடும் விதம் இருக்கிறது. ஒரே தாளிப்பனை ஓலை எத்தனை பேரை மூடும் என்ற கணக்குமுண்டு (15, 20 பேராம்!). ராஜசிங்கனின் போர்களைவிட எனக்கு அந்த ஓலைதான் பிடிக்கும். நொக்ஸ் கடைசிவரை பிரம்மச்சாரி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.