சென்னைக் கடலா, புதுச்சேரிக் கடலா: சொகுசு இல்லத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

பிள்ளையின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் ஒருவழியாக முடிந்து, கையில் சில கோடி ரூபாயோ அதைக் கடனாகத் தர முன்வரும் வங்கியோ எஞ்சி நிற்கும் கட்டத்தில், கடலோரத்தில் ஒரு வீடு வாங்குவது என்னும் தீர்மானம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் எதிர்ப்பின்றி நிறைவேறிவிடுகிறது. அது சென்னையிலா, புதுச்சேரியிலா என்னும் துணைக்கேள்விதான் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இவ்வாய்வில் "சொகுசு இல்லம்" எனப்படுவது, படுக்கையறைகளின் எண்ணிக்கை அங்கு வசிப்போரின் எண்ணிக்கையையும், கழிவறைகளின் எண்ணிக்கை படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் விஞ்சி நிற்பதும், விலையைச் சொன்னவுடன் கேட்டவர் சற்று நேரம் பேசாதிருப்பதுமான கட்டடமாகும்.

"கடலோரம்" என்னும் சொல்லுக்கு இரு வேறு இலக்கணங்கள் வழங்குகின்றன. நடுவண் அரசு 1991-இல் வெளியிட்டு, 2011-இலும் 2019-இலும் புதுப்பித்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தின்போது கடல்நீர் ஏறிவந்து தொடும் எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதி கடலோரமாகும். அதற்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கு விதிகள் உண்டு. வீட்டுத் தரகர் மரபோ இவ்வளவு கறாரானதன்று. அம்மரபில், "பீச்சுக்கு வாக்கபிள் டிஸ்டன்ஸ்" என்று சொல்லத்தக்க இடமெல்லாம் கடலோரமே. நடக்கப்போகிறவர் யார், அவருக்கு வயது என்ன, நடக்கும் மாதம் மார்கழியா சித்திரையா என்பவை அவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை.

விளம்பரங்களில் "சீ வியூ" என ஒரே பெயரால் சுட்டப்படும் கடல் தெரிவையும் நான்காகப் பகுத்தாக வேண்டும். நாற்காலியில் அமர்ந்தவாறே காண்பது இருக்கைத் தெரிவு. எழுந்து பால்கனிக் கம்பியைப் பிடித்து நின்றால் காண்பது நிலைத் தெரிவு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறியபின் இரு தென்னைகளுக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று அகப்படுவது ஏற்றத் தெரிவு. கண்ணுக்கு எதுவும் புலப்படாமல் இரவில் அலையோசை மட்டும் காதில் விழுவது கேள்வித் தெரிவு. நீலாங்கரை, பனையூர், உத்தண்டி, கானாத்தூர் என நீளும் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விலைக்கேற்ப இந்நான்கும் கிடைக்கின்றன. புதுச்சேரியிலோ கடலைப் பார்த்தபடி நிற்பவை பெரும்பாலும் அரசுக் கட்டடங்களும் விடுதிகளுமே ஆகையால், துய்மா வீதியிலோ அதற்கு அடுத்த வீதியிலோ பிரெஞ்சுக்கால வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் கேள்வித் தெரிவோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது உயர்ந்த கூரை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய அக்கூரைக்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ் என்பதையும், சென்னைக் கடற்கரை வில்லாக்களோ மத்தியதரைக்கடல் பாணி என்று சொல்லி விற்கப்படுகின்றன என்பதையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

இவ்விரு நகரங்களுக்கிடையே தெரிவு செய்யும் சிக்கல் புதிதன்று. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். கீழ்த்தளத்தில் தமிழ் மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்களும் கொண்ட அவரது வீடு இன்றும் நிற்கிறது. சென்னையை விட்டுப் புதுச்சேரியில் வீடு கட்டியவர்களுள் நன்கு அறியப்பட்ட மூத்த சான்று இதுவே எனலாம். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, மீட்புத்தொகை வாங்கிக்கொண்டு நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே. கொடுக்கவே கூடாது என்றார் துப்ளே. கைக்கு வந்த சொத்தை நல்ல விலைக்குத் தள்ளிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று உடன்பிறந்தோர் இன்று நடத்தும் வாக்குவாதத்துக்கும் இதற்கும் சாரத்தில் வேறுபாடில்லை. ஐரோப்பாவில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். எதிர்மனைக்காரர் மீதான மனக்கசப்பை இவ்வளவு தூரம் கொண்டுசென்றவர்கள் பின்னாளில் அரிதே.

விலைக்கும் வரலாற்றுக்கும் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வீடு வாங்குவோர் மணலுக்குத் தருவதில்லை. இந்த ஒப்பீட்டின் மையமோ மணல்தான். சோழமண்டலக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக ஓயாது நகர்ந்துகொண்டிருக்கிறது; வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும், ஆண்டின் எஞ்சிய பெரும்பகுதியில் வடக்கு நோக்கியும் செல்லும் இந்நகர்வின் நிகரப் பயன் வடக்குத் திசையே. இதன் குறுக்கே துறைமுகத்துக்கென்று கல்சுவர் எழுப்பினால், வரும் மணல் சுவரின் தென்புறம் தேங்கிக் கடற்கரை அகலும். வடபுறத்துக்கு மணல் வராமற்போகவே கடல் கரையைத் தின்னும். 1870களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியபின் அதன் தெற்கே மெரினா அகன்று அகன்று இன்றைய அளவை எய்தியதும், வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இவ்வாறே. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டித் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, நகரம் அவற்றின் வடக்கே மாட்டிக்கொண்டது. ஊரார் உட்கார்ந்து சுண்டல் தின்ற மணற்பரப்பு போய்க் கருங்கற்குவியல் வந்தது. தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, ஒரு சிறு கடற்கரையை மீட்டெடுக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கும் வடக்கே சின்னமுதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் ஆகிய மீனவர் பகுதிகளில் நிலமும் வீடும் கடலுக்குள் போயின. சொகுசு இல்லம் வாங்குவோர் அவ்வூர்களை ஒருமுறை நடந்து பார்ப்பது, எந்த வரைபடத்தையும்விட மிகுதியாகக் கற்பிக்கும். எனவே மனை பார்க்கச் செல்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வாசல் எந்தத் திசை என்பதன்று. அருகிலுள்ள துறைமுகச் சுவருக்கு மனை எந்தத் திசை என்பதே. வாஸ்து வல்லுநர்கள் வடக்கைக் குபேரன் திசை என்பார்கள். கடல் அந்த நூல்களைப் படித்ததாகத் தெரியவில்லை.

புயலைப் பொறுத்தவரை சுருங்கக் கூறலாம். 2011 டிசம்பரில் தானே புயல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னைக்கு வந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் இரண்டுக்கும் இடைப்பட்ட மாமல்லபுரம் அருகே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் மீண்டும் புதுச்சேரிப் பக்கம் திரும்பியது. வங்கக்கடல் இவ்விரு நகரங்களிடையே ஓரவஞ்சனை பாராட்டுவதில்லை.

உப்புக்காற்றும் அவ்வாறே. கடலோர வீட்டில் முதலில் துருப்பிடிப்பது வாசற்கதவின் கீல். அடுத்து ஜன்னல் கொக்கி. அதன்பின் குளிர்சாதனத்தின் அவுட்டோர் யூனிட். அந்த யூனிட்டின் பின்புறம் நெருக்கமாக அடுக்கியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் வெண்பொடி பூத்து, சில ஆண்டுகளில் விரல் பட்டாலே உதிரும் நிலை வருகிறது. கடற்காற்றுக்கென்று கோடிகளைக் கொடுத்துவிட்டு, பிசுபிசுப்புக்கும் மணலுக்கும் அஞ்சி எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு ஏ.சி. போடுவதே பொதுவழக்காக இருப்பதால், அவ்வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் கடலைப் பார்த்தபடி இருப்பது இந்த யூனிட் ஒன்றே என்னும் முடிவைத் தவிர்க்க இயலவில்லை.

செலவுக் கணக்கில் ஒன்றைச் சொன்னால் போதும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஐந்து கோடிக்குப் பதிந்தால், கடலில் கால் நனைக்கும் முன்பே 45 லட்சம் கரைந்துவிடும். சென்னையில் மனையை 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டால் அளப்பர். புதுச்சேரியில் குழிக்கணக்கும் பேசப்படும், குழியின் அளவோ ஊருக்கு ஊர் மாறும். பழைய வீடாயின் தாய்ப்பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கக்கூடும் என்பதால், வில்லங்கம் பார்க்க வக்கீலோடு மொழி தெரிந்தவரும் தேவைப்படுவார்.

உறவினர் வருகை தனியே ஆராயத்தக்கது. சென்னை வீட்டுக்கு உறவினர் வருவது விமான நிலையத்துக்கும், மருத்துவமனைக்கும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கும். வந்தவர் காரியம் முடிந்ததும் போய்விடுவார். புதுச்சேரி வீட்டுக்கு வருபவருக்கு முடிக்க வேண்டிய காரியம் எதுவும் கிடையாது என்பதே அவ்வருகையின் தனித்தன்மை. அங்கு மது விலை குறைவு என்னும் காரணத்தால், ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத ஒன்றுவிட்ட மைத்துனர்கூட வெள்ளிக்கிழமை மாலையில் "மாமா, வீட்டில்தானே இருக்கீங்க?" என்று அன்போடு அழைக்கிறார்.

சங்க இலக்கண மரபில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் பிற்பகல். தலைவன் வரக் காணாது தலைவி வருந்துவதற்கு இத்திணையை ஒதுக்கிய முன்னோரின் நுட்பம் இன்று மேலும் துலங்குகிறது: சென்னையில் வீடு வாங்கியவர் வார இறுதியில் புதுச்சேரிக்கும், புதுச்சேரியில் வாங்கியவர் டாக்டரையும் பேரப்பிள்ளையையும் பார்க்கச் சென்னைக்கும் போய்க்கொண்டே இருப்பதால், அவ்விருவரும் எற்பாட்டு வேளையில் சந்திக்கும் இடம் உத்தண்டிச் சுங்கச்சாவடியாக இருக்கிறது. வாங்குவோர் தாம் ஒரு நகரத்தைத் தெரிவு செய்வதாகக் கருதுகின்றனர். உண்மையில் அவர்கள் தெரிவு செய்வது, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலையின் எந்த முனையில் வண்டியைத் திருப்புவது என்பதை மட்டுமே.

பங்காளிகள் அந்த வீட்டில் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் நிறைவு கொள்ளாது மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது இவ்வேறுபாடும் மறைந்துவிடுகிறது: புதுச்சேரிக்குத் தனி உயர் நீதிமன்றம் கிடையாது, அவ்வூர் வழக்குகளும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன.