ஜெட்டுக்குப் பேரீச்சம்பழம்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்களுக்கு, இங்கிலாந்தில் ஜெட் எஞ்சின் கைமாறிய கதை சட்டென்று புரியும்.

பிராங்க் விட்டில் என்ற இளம் விமானப்படை அதிகாரி 1930-ல் ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1935-ல் அதைப் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் 5 பவுண்டு. அவர் கையில் இல்லை. விமானத்துறை அமைச்சகமும் கட்ட மறுத்தது. சூரியன் மறையாத சாம்ராஜ்யம்தான், சில்லறைக்குத்தான் தட்டுப்பாடு. உரிமை காலாவதியானது.

1937-ல் எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது அது ஊளையிட்டபடி தன்னிஷ்டத்துக்கு வேகமெடுத்தது. சுற்றி நின்றவர்கள் அதைவிட வேகமாக ஓடினார்கள்.

போர் வந்ததும் எல்லோருக்கும் ஞானம் வந்தது. 1940-ல், எஞ்சினைப் பெருமளவில் செய்யும் வேலை ரோவர் கார் கம்பெனிக்குப் போனது. நெசவாலைக் கொட்டகைகளில் ஜெட் தயாரானது. விட்டிலுக்கும் ரோவருக்கும் மாமியார் மருமகள் உறவுதான். அவர் வரைந்ததை இவர்கள் திருத்துவார்கள், இவர்கள் திருத்தியதைப் பார்த்து அவர் கொதிப்பார். ஒருபடி மேலே போய், ரோவரின் ஏட்ரியன் லொம்பார்டு காற்று நேராகப் பாயும் வேறொரு வடிவத்தையே உருவாக்கினார். அமைச்சகத்துக்குத் தெரியும், விட்டிலுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் நடந்த கல்யாணம்! என் அனுதாபம் விட்டிலுக்குத்தான். ஆனால் நிலைத்தது என்னவோ லொம்பார்டின் வடிவம்தான்.

1942 கடைசியில், கிளித்தரோ ஊரின் ஸ்வான் அண்டு ராயல் விடுதியில் ஓர் இரவுச் சாப்பாடு. ரோல்ஸ் ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸ், ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸிடம் பேரம் பேசினார்: அந்த ஜெட்டை இங்கே தள்ளுங்கள், நாட்டிங்ஹாமில் இருக்கும் எங்கள் டாங்கி எஞ்சின் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லை விட்டது என்று வில்க்ஸ் சம்மதித்தார். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஆகாயம் கைமாறியது.

கூத்து என்னவென்றால், ரோவருக்குக் கிடைத்த டாங்கி எஞ்சின், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினிலிருந்து பிறந்தது. பெயர் மீட்டியோர். ரோல்ஸ் ராய்ஸுக்குப் போன ஜெட்டைச் சுமந்து பறந்த விமானத்தின் பெயரும் மீட்டியோர். 5 பவுண்டுக்கே கணக்குப் பார்த்தவர்கள், பெயருக்கு மட்டும் தாராளம் காட்டுவார்களா?

விட்ட குறை தொட்ட குறை ரோவரை விடவில்லை. 1950-ல் ஜெட்டின் தங்கையான கேஸ் டர்பைனைக் காரிலேயே பொருத்தி, ஜெட் 1 என்று பெயர் சூட்டினார்கள். 1952-ல் பெல்ஜியச் சாலையில் அது மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. எரிபொருள் விஷயத்தில் மொடாக்குடி. 1963-ல் இன்னொரு டர்பைன் கார் லெ மான்ஸ் பந்தயத்தில் 24 மணி நேரமும் தாக்குப்பிடித்து ஓடியது. ஓட்டியவர்களில் ஒருவர் கிரகாம் ஹில். எந்தப் பிரிவிலும் அடங்காத வண்டி என்பதால் போட்டிக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் நெற்றியில் எழுதியிருந்த எண் 00.