கால் இன்னும் முளைக்கவில்லை

இரண்டாம் மாடி, ஒருங்கிணைந்த சேவைக் கருமபீடத்தில் வீற்றிருந்து அருள்பாலிக்கும் ஒருங்கிணைப்புக் குழுப் பெருமக்களுக்கு,

இரத்மலானையிலிருந்து ஒரு விண்ணப்பதாரியின் மருமகன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. கந்தோரின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒன்றின் பெயரைப் போட்டால் மற்றக் கந்தோர்கள் தங்களைக் கவனிக்கவில்லையென்று மனம் நோகும்.

கடந்த புதன்கிழமை, பொதுமக்கள் தினத்தில், தாங்கள் எங்கள் குடும்பத்துக்குச் செய்த பேருதவிக்கு முதலில் நன்றி. சீனி வருத்தத்தால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த என் மாமியின் மருத்துவ அறிக்கை ஆறு மாதம் கடந்துவிட்டது, கால் இல்லையென்பதற்குப் புதிய அறிக்கை கொண்டுவர வேண்டும் என்று அன்போடு நினைவூட்டினீர்கள். அந்த நேரம் மாமி தங்கள் மேசைக்கு எதிரேதான் இருந்தார். ஓட்டோக்காரத் தம்பியும் வாசல் காவலாளியும் பிளாஸ்டிக் கதிரையோடு இரண்டு மாடி தூக்கிவந்திருந்தார்கள். மாமி சேலைக் கரையைக் கொஞ்சம் உயர்த்தி, "பிள்ளை, இந்தா பாருங்கோ" என்றார். கருமபீடத்தில் இருந்தவர் கோவையிலிருந்து தலை நிமிரவில்லை. "நான் பார்த்துச் சரிவராது அம்மா. டொக்டர் பார்த்து எழுதித் தரவேணும்." அவர் பார்க்காததை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வைத்தியர்கள் கைவிட்ட காலைத் தாங்கள் கைவிடவில்லை. ஆறு மாதத்தில் எதுவும் நடக்கலாம். பல்லிக்கு வால் முளைக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியைக்குக் கால் முளைக்கக் கூடாதா? முளைத்த காலைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு அரசாங்கத்தின் சக்கர நாற்காலியில் சவாரி போனால் திறைசேரியின் கதி என்ன? அன்றிலிருந்து வீட்டில் கண்ணும் கருத்துமாய் இருக்கிறோம். இதை எழுதும்வரை முளைக்கவில்லை. முளைத்தால் பதிவுத் தபாலில் அறிவிப்போம். இல்லாததை இல்லையென்று அத்தாட்சிப்படுத்தச் சொல்வது எங்கள் ஆட்களுக்குப் புதிதுமல்ல.

மாமி ஓய்வூதியக்காரி ஆகையால் இந்தக் கலையில் பயிற்சியும் உண்டு. உயிரோடு இருப்பதை வருடாவருடம் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு ஆயுள் சான்றிதழ் கொடுத்து வருகிறார். இருப்பது இருக்கிறதென்று ஒரு கந்தோருக்கு, போனது போனதுதானென்று இன்னொரு கந்தோருக்கு. இடையில் மிச்சமிருக்கும் மாமியைப் பற்றி எந்தக் கந்தோரும் கேட்டதாக ஞாபகமில்லை.

முதியோர் பகுதியில் உள்ளவர்கள் தங்கமானவர்கள். கோவையைப் புரட்டிவிட்டு, "இது கால் சம்பந்தப்பட்டது, அடுத்த பகுதிக்குப் போங்கோ" என்றார்கள். அடுத்த பகுதியில் உள்ளவர்களும் தங்கமானவர்கள்தான். "அறுபது தாண்டிவிட்டதே, முதியோர் பகுதிக்குப் போங்கோ" என்றார்கள். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஒருங்கிணைப்புக் குழுவாகிய தாங்கள் அவதரித்தீர்கள். அவதரித்ததும் மூன்றாவது படிவம் ஒன்றும் அவதரித்தது. தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டதாம், அது வேறு கதை. அந்தப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, உடற்குறை ஏற்பட்டபோது விண்ணப்பதாரியின் வயது என்ன என்ற கேள்வி. எழுபத்தொன்று என்று எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. போகும்போது காலுக்கும் வயது எழுபத்தொன்று. ஆகவே காலும் சட்டப்படி ஒரு முதியவர். அதற்கும் முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்கலாம், விட்டுவிட்டோம்.

சட்டங்களில் குறை சொல்ல நான் யார்? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அறுபது வயதைக் கண்டவர்களுக்கு. இரண்டுக்கும் தனித்தனித் தேசிய பேரவை, தனித்தனித் தேசிய செயலகம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 12.4. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏதாவதோர் உடற்குறையோடு வாழ்கிறவர்கள் நூற்றுக்கு 8.7. ஒரே ஆள் இரண்டு கணக்கிலும் விழக்கூடும், வயது போகப் போக அப்படி விழுகிறவர்கள்தான் கூடுவார்கள் என்பது கணக்கெடுக்க வந்த பிள்ளைக்குத் தெரியும். கந்தோர்களுக்கு மட்டும் அது இயற்கைக்கு மாறான சம்பவம்.

பிறகு 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி வர்த்தமானி. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று அதில் ஒழுங்குவிதிகள் வந்தன. கிரிக்கெட் நடுவராக இருந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா, 1992இல் காரின்மேல் வீதியோர மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், அந்த விதிகள் கடதாசியிலேயே கிடப்பதைப் பொறுக்காமல் உயர் நீதிமன்றம் போனார். 2009 ஏப்ரல் 27இல் நீதிமன்றமும் கட்டளை போட்டது. இதையெல்லாம் தங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று அறிவேன். தங்கள் கருமபீடத்துக்குப் பின்னால், சுவரில், சக்கர நாற்காலிச் சின்னம் போட்ட அழகான சுவரொட்டி இருக்கிறது. இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிப்ட் வாசலில் பழைய மேசைகளை அடுக்கியிருப்பதால் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும் பாக்கியம் கால் உள்ளவர்களுக்கே கிட்டுகிறது. முளைத்த பிறகு மாமியும் பார்ப்பார்.

நாங்கள் கேட்டது என்னவென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கோவையில் எங்கோ புதைந்திருக்கும். மாமி வெள்ளவத்தையில் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருந்தவர். கால் போன பிறகு அந்த வீடு வாய்க்காது என்று இரத்மலானையில் எங்களுக்குப் பக்கத்தில் நிலத்தோடு ஓர் அனெக்ஸ் எடுத்துக் கூட்டிவந்தோம். சமூக சேவைக்காரர் சக்கர நாற்காலி தந்தார்கள், நல்ல நாற்காலி, குறையில்லை. அகலம் இருபத்தாறு அங்குலம். குளியலறைக் கதவின் அகலம் இருபத்துநாலு. கதிரை தந்தவர்களிடம் சொன்னோம், கதவு வீடமைப்புச் சம்பந்தப்பட்டது என்றார்கள். வீடமைப்பில் கேட்டோம், வாடகை வீட்டுக் கதவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். காலையில் ஒருவர் வந்து கைகொடுத்துக் கழுவ வார்க்க உதவினால் போதும் என்றோம், அது சுகாதாரம் என்றார்கள். சுகாதாரத்தில், காயம் ஆறிவிட்டது, இனி எங்களிடம் வேலையில்லை என்று வாழ்த்தினார்கள். எல்லாரும் தத்தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு அங்குலம் மட்டும் எவருடைய நிருவாக எல்லைக்குள்ளும் வரவில்லை.

எழுபத்திரண்டு வயது மனுசி, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்தவர், குளிப்பதற்குத் தரையில் இருந்து அரைந்து போகிறார். தெரியுமா உங்களுக்கு? ஈரத் தரையில், கையை ஊன்றி, ஒரு முழங்காலில். மகன் ஸ்காபரோவிலிருந்து வீடியோவில் வந்தால், தெரியக் கூடாதென்று போனை மேலே பிடிக்கச் சொல்கிறார். நீங்கள் ஆறு மாதக் கணக்குப் பார்க்கிறீர்கள். உங்களில் ஒருவர், ஒரேயொருவர், ஓர் அளவுநாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருநாள் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது. வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். கடிதம் கொஞ்சம் கைமீறிவிட்டது. தங்கள் பொறுமையும் கருணையும் நாடறிந்தவை.

எல்டர்ஸ் ஹோமில் சேர்த்துவிடலாமே என்று தாங்கள் தந்த ஆலோசனையையும் தட்டவில்லை. நாங்கள் விசாரித்த இல்லங்கள் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தன, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவராக இருக்கவேண்டும். தன் வேலையைத் தானே பார்ப்பவர் ஏன் அங்கே போகிறார் என்று கேட்டேன். பதில் சொன்ன சிஸ்டர் நல்லவர், "கால் சரியானதும் கூட்டிவாங்கோ" என்றார். பாருங்கள், முளைக்கும் என்ற நம்பிக்கை தங்களோடு நின்றுவிடவில்லை, தொற்றிப் பரவியிருக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, யாரோடு எங்கே வாழ்வதென்று தீர்மானிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிக்கே உண்டு, வீட்டுக்கு வந்து துணைசெய்யும் சேவையும் வேண்டும் என்கிறது. கையெழுத்து வைத்தவர்கள் கீழ்மாடியில் இருந்து வைத்திருப்பார்கள்.

நாங்கள் தனிக்கேஸ் அல்ல. கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் தகப்பனார் பாரிசவாதத்தில் விழுந்தவர், நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தால் வீட்டில் பால் பொங்கல் வைப்பதாகச் சொல்கிறார். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவை 5,000 ரூபாயாகவும் மாற்றுத்திறனாளிகளுடையதை 10,000 ரூபாயாகவும் உயர்த்தியதை நன்றியோடு சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் துணைக்கு அது ஒரு கிழமைக்காவது காணுமா என்று கேட்டார். கணக்கு எனக்கு வராது என்று நழுவிவிட்டேன்.

இங்கே இரத்மலானையில் செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கிறது. 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கியது. படுக்கை, சாப்பாடு, படிப்பு, கைத்தொழில் எல்லாம் ஒரே வளவுக்குள். பாவம், ஒருங்கிணைப்புக் குழு இல்லாத காலம். எந்தப் படிவத்தில் தொடங்குவதென்று தெரியாமல் பிள்ளைகளிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

நிற்க. கடைசியாக ஒரு முறைகேட்டை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். புதன்கிழமை நாங்கள் திரும்பிவந்த கோலத்தைப் பார்த்து அனெக்ஸ் சொந்தக்கார நோனா என்னவென்று கேட்டார். சொன்னேன். "அம்மா எப்படிக் குளிக்கிறது? கதவை உடையுங்கோ" என்றார். உடைக்க எவரிடமும் அனுமதி பெறவில்லை. வெள்ளிக்கிழமை மேசன்பாஸ் வந்து நிலையைக் கழற்றி, சுவரை ஒரு பக்கம் கொத்தி, கதவுக்குப் பதில் திரைச்சீலைக்குக் கம்பி அடித்து, சுவரில் பிடிக்க இரண்டு அங்குல ஜீ.ஐ. குழாயும் பூட்டிவிட்டு, பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அவருடைய கூலித் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். கொப்பித் தாளில், சிங்களத்தில், பென்சிலால் எழுதியது. கொத்திய சுவர் வீடமைப்புக்கும், அதனூடாகப் போன கதிரை சமூக சேவைக்கும், கதிரையில் போனவர் முதியோர் பகுதிக்கும், குளித்தது சுகாதாரத்துக்கும் உரியவை என்பதால், துண்டை எந்தக் கோவையில் இடுவதென்று அடுத்த கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளவும். அவசரமில்லை. பாஸுக்குக் காசு கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரியின் மருமகன்
இரத்மலானை

பி.கு.: புதிய மருத்துவ அறிக்கை எடுக்க வரும் கிழமை கிளினிக்குக்குப் போகிறோம். எலும்பு வைத்தியரின் அறை முதலாம் மாடியில் இருக்கிறதாம். ஓட்டோக்காரத் தம்பியைப் பேசி வைத்திருக்கிறேன்.