போத்தல் வரலாறு

கனடாவிலிருந்து வந்த பேத்தி நேற்று என் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "அம்மம்மா, சண்டைக் காலத்தைச் சொல்லுங்கோ" என்றாள். தொடங்கினேன். வெளிச்சப் பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினேன். "கண் கலங்கினால் நல்லாயிருக்கும்" என்றாள். கண்ணில் ஒப்பரேசன் செய்த டொக்டர் கலங்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இதுதானே? கிழவி இருக்கிற வீடெல்லாம் இப்போது ஸ்டூடியோ.

அவள் கேட்பது 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட இரவு. சொல்கிறேன். அதற்கு முதல் ஜாம் போத்தலைச் சொல்ல வேண்டும். ரேடியோவில் தமிழோசை கேட்க சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றியதையும், சவுக்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டுத் தோய்த்த சட்டையை மாடு சப்பியதையும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். போத்தலைத்தான் ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. குப்பி விளக்கு எண்ணெய் குடிக்கும். ஜாம் போத்தலென்றால் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், கம்பியில் ஒரு திரி, அவ்வளவுதான். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும், காற்றுக்கு அணையாது. ஆனால் எல்லாப் போத்தலும் சரிவராது. ஒடுங்கின வாயென்றால் சுடர் மூச்சு முட்டிச் சாகும். கட்டைப் போத்தலென்றால் காற்று உள்ளே இறங்கும். என் வீட்டுக்காரர் இதைப் பற்றி மதிலுக்கு மேலால் ஊரோடு தர்க்கம் பண்ணுவார். மேலே பொம்மர் சுற்றும். "உயரம் முக்கியமில்லை, வாயகலம்தான்" என்று பங்கருக்குள் இறங்கியும் விடமாட்டார்.

எங்களிடம் ஒரு போத்தல் இருந்தது. நல்ல தடிப்புக் கண்ணாடி, அளவான கழுத்து. ஜாம் எப்போது தின்றோமென்று ஞாபகமில்லை. தின்றிருந்தால் கலியாணத்துக்கு முதலாயிருக்கும். மகன் ஓ.எல். சோதனைக்கு அதில்தான் படித்தான், முன்மயிர் கருகக் கருக. அதைப் பக்கத்து வீட்டு அக்கா "ஒரு இரவுக்குத் தா தங்கச்சி" என்று வாங்கிக்கொண்டு போனா. அடுத்த நாள் கேட்டேன், திரி மாற்றிவிட்டுத் தாறனென்றா. பிறகு கேட்டேன், எந்தப் போத்தலென்றா! போத்தலில் பேர் எழுதி வைக்காதது என் பிழையாம். அவவின் பிள்ளைக்கு அந்த வெளிச்சத்தில் கணக்குக்கு டி, அதிவிசேட சித்தி, வந்தது. எனக்குச் சந்தோசமில்லை என்று சொல்லமாட்டேன்.

"அம்மம்மா, அந்த இரவு?" என்கிறாள் பேத்தி.

அதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன், பிள்ளை. நாவற்குழிப் பக்கம் சனம் அசைய இடமில்லை, மழை வேறு. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா போறா. தலையில் கூடை. கூடைக்குள் சட்டி பானைக்கு நடுவில் என் போத்தல். பின்னுக்கிருந்து சனம் நெரித்ததில் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இல்லாவிட்டால் அங்கேயே கேட்டிருப்பேன்.